பதினாலு புள்ளி ரெண்டு

ஜூன் 3, திங்கள்

மருந்து கம்பெனிக்காரன் ஜனவரியில குடுத்த டைரி. அஞ்சு மாசமா பீரோ மேல சும்மா கிடந்துச்சு. இன்னைக்குத் தூசி தட்டி எடுத்ததுக்குக் காரணம் என் மக. வாயால பேசினா வீட்ல சண்டைதான் மிச்சம். எழுதிப் பார்த்தாவது ஒரு முடிவுக்கு வரலாம்னு உக்காந்திருக்கேன்.

விஷயம் இதுதான். தங்கபிரியா, எங்களுக்குப் பாப்பா, பிளஸ் டூ முடிச்சிட்டா. பி.எஸ்சி. மெடிக்கல் லேப் டெக்னாலஜிதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. மதுரைப் பக்கம் ஒரு தனியார் காலேஜ்ல சீட்டு எடுத்து வச்சிருக்கான். மூணு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில பயிற்சி. வருஷத்துக்கு எண்பத்தஞ்சாயிரம், ஹாஸ்டல் தனி. ஆகஸ்ட் 2 சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள முதல் வருஷப் பணம் கட்டணும். தவறினா சீட்டு அடுத்தவனுக்கு.

நான் தவசிலிங்கம், வயசு நாப்பத்தெட்டு. டிப்ளமோ படிச்சிட்டு இருபத்திரெண்டு வருஷமா இதே கோவில்பட்டியில இதே லேப் வேலை. இப்போ அபயம் லேப்ல சீனியர் டெக்னீஷியன், சம்பளம் பதினேழாயிரம். இந்தப் படிப்பு எதுக்கு ஆகும்னு சொல்ல என்னை விட்டா வேற ஆள் யாரு இருக்கா? சொன்னா கேக்கணுமே. "நீங்க டிப்ளமோப்பா, நான் டிகிரி"ங்கிறா. சுருக்குனுச்சு. சட்டையை மாட்டிட்டு லேப்புக்குக் கிளம்பிட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

டிகிரியோட லட்சணத்தை எழுதுறேன். எங்க லேப்ல மார்ச்ல ஒரு பொண்ணு சேர்ந்திருக்கு, பேரு ரூபி, சாத்தூர்க்காரி. அவ படிச்சதும் இதே பி.எஸ்சி.தான், அதுவும் ஃபர்ஸ்ட் கிளாஸ். நாலு வருஷம் படிச்சு, நாலு லட்சம் கொட்டி, இப்போ வாங்குறது பதினோராயிரம். பஸ்ஸுக்கும் டிபனுக்கும் போனா கையில என்ன நிக்கும்? இதைப் பாப்பாகிட்ட சொன்னா, "வெளிநாட்டுல நல்ல சம்பளம்ப்பா, கவர்மெண்ட் பரிட்சை எழுதலாம்ப்பா"னு அடுக்குறா. கவர்மெண்ட் வேலைக்கு எத்தனை ஆயிரம் பேர் வரிசையில நிக்கிறான்னு எனக்குத் தெரியும். நானே நின்னவன்.

இந்த ரூபி வந்த முதல் நாளே கேட்டா, "சார், கண்ட்ரோல் எங்க இருக்கு?" கண்ட்ரோல்னா ஏற்கெனவே அளவு தெரிஞ்ச ரத்தம், சின்ன பாட்டில்ல விப்பான். தினம் காலையில அதை மிஷின்ல விட்டு, சரியான அளவு காட்டுதான்னு பார்த்துட்டுத்தான் நோயாளி ரத்தத்தைத் தொடணும்னு புத்தகத்துல இருக்கு. அதை வாங்க எங்க முதலாளி அண்ணாச்சிக்கு மனசு வராது. அவர் முன்னால மெடிக்கல் ஷாப் வச்சிருந்தவர், லேப் ஆரம்பிச்சாலும் கணக்கு அதே கணக்குதான்.

அதனால நான் ஒரு வழி வச்சிருக்கேன். காலையில ஏழு மணிக்கு வந்ததும் என் கையில நானே குத்தி ரெண்டு மில்லி எடுத்து மிஷின்ல விடுவேன். என் ஹீமோகுளோபின் 14.2. இருபத்திரெண்டு வருஷமா அதேதான், மிஞ்சிப்போனா ஒரு புள்ளி இப்படி அப்படி. மிஷின் 14.2 காட்டினா மிஷின் சரி. ரூபிகிட்ட என் கையைக் காட்டி, "இதாம்மா நம்ம கண்ட்ரோல்"னேன். அவ முழிச்ச முழி இருக்கே! எனக்குச் சிரிப்பு தாங்கல.

ஜூன் 11, செவ்வாய்

மிஷின் 13.6 காட்டுச்சு. திரும்ப விட்டேன், 13.6. கழுவி விட்டேன், அப்பவும் 13.6. ரெண்டு நாளா கரண்டு வந்து வந்து போகுது, மிஷின் கோளாறாயிருச்சு. சர்வீஸ்காரனைக் கூப்பிட்டா வர்றதுக்கே தனியாத் துட்டுக் கேப்பான். நானே செட்டிங்குக்குள்ள போய் ஹீமோகுளோபின் அளவைக் கொஞ்சம் தூக்கி வச்சேன். 14.2 வந்துருச்சு. இதை எந்தக் காலேஜ்ல சொல்லித் தர்றான்?

முழங்கால் வலி விடமாட்டேங்குது. கீழ மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கி காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணு போட்டுக்கிட்டு ஓடுது.

ஜூன் 12, புதன்

14.2. சொன்னேன்ல.

ஜூன் 20, வியாழன்

மறுபடி 13.5. மறுபடி தூக்கி வச்சேன். கிழட்டு மிஷின்.

லேப் ரெண்டாவது மாடியில இருக்கு. லிஃப்ட் ஓடி மூணு மாசம் ஆச்சு. பாதிப் படியில நின்னு மூச்சு வாங்கிட்டுத்தான் ஏற முடியுது. கட்டுனவன் படியைச் செங்குத்தா கட்டியிருக்கான்.

மாரீஸ்வரி நச்சரிப்புத் தாங்காம அண்ணாச்சிகிட்ட அட்வான்ஸ் கேட்டேன். என் சம்சாரம் கடலைமிட்டாய் கம்பெனியில பாக்கிங் போறவ, ஒரு காரியத்தைப் பிடிச்சா விடமாட்டா. அண்ணாச்சி சட்டுனு, "பிள்ளை படிப்புக்குத்தானே தவசி? ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி ஒரு லட்சம் வாங்கிக்கோ, மாசாமாசம் கழிச்சுக்கிடலாம்"னுட்டார். மாட்டேன்னு சொல்வார், அதைச் சாக்கா வச்சு பேச்சை முடிச்சிடலாம்னு நெனச்சிருந்தேன்.

ஜூன் 24, திங்கள்

பாப்பா லேப்பைப் பாக்கணும்னு வந்தா. ரூபி அவளை மைக்ராஸ்கோப்புல உக்கார வச்சு ஒவ்வொரு அணுவா காட்டினா. "அப்பா, உள்ள ஆரஞ்சு கலர்ல பொடிப்பொடியா இருக்கே, எவ்வளவு அழகா இருக்கு!"னு கத்துறா. ரெண்டு மணி நேரம் எந்திரிக்கவே இல்ல. அதுல அழகுனு ஒண்ணு இருக்குன்னு எனக்கு ஒருநாளும் தோணினதில்ல. இது சம்பளத்துக்காகக் கேக்குற கழுதை இல்ல போலிருக்கு. அதான் இன்னும் கவலையா இருக்கு.

ஜூலை 2, செவ்வாய்

13.3. மூணாவது தடவை தூக்கி வச்சேன்.

ரூபி வந்து நிக்கிறா. "சார், ஹீமோகுளோபினை மூணால பெருக்கினா ரத்தத்துல சிவப்பணு சதவீதம் கிட்டத்தட்ட வரணும். ஒரு வாரமா யாருக்குமே வரல. எல்லாருக்கும் ஹீமோகுளோபின் மட்டும் கூடுதலா நிக்குது. மிஷின் செட்டிங்குல ஏதோ தப்பு சார்." வரவேற்பறையில பத்து பேர் உக்காந்திருக்கையில சொல்றா. எனக்கு வந்துச்சே கோவம். "ஏம்மா, நீ பொறக்கும்போதே நான் ரத்தம் எடுத்துக்கிட்டிருந்தேன். பரிட்சைக்குப் படிச்சதையெல்லாம் இங்க வந்து ஒப்பிக்காத"னு விட்டேன் ஒரு சத்தம். சதவீதத்தை நாங்க ரிப்போர்ட்ல போடுறதே இல்ல. டாக்டர்மாருக்கு ஹீமோகுளோபின் இருந்தாப் போதும். அப்புறம் எதுக்கு அந்தப் பெருக்கலும் வகுத்தலும்?

பாப்பாவும் நாளைக்கு இப்படித்தான் எவன்கிட்டயாவது ஏச்சு வாங்குவா. பதினோராயிரத்துக்கு.

ஜூலை 3, புதன்

ரூபி பேசல. பேசாட்டிப் போகட்டும்.

ஜூலை 9, செவ்வாய்

டப்பாவுல இருந்து பச்சரிசி எடுத்து மென்னுக்கிட்டிருந்தேன். மாரீஸ்வரி பார்த்துட்டா. "ஏங்க, மசக்கையா உங்களுக்கு?"னு சிரிச்சவ, கிட்ட வந்ததும் சிரிப்பை நிறுத்திட்டு, "மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"ங்கிறா. ஏ.சி.யில உக்காந்து வேலை பாக்குறவன் வெளுக்காம கறுக்கவா செய்வான்? டாக்டரைப் பாருங்கங்கிறா. தினம் காலையில என் ரத்தத்தை நானே பாக்குறேன், எவனுக்குக் கிடைக்கும் இந்த வசதி?

ஜூலை 13, சனி

கூட்டம். ஒரு பிள்ளைத்தாச்சி வந்தா, பேரு கற்பகவல்லி, இருபத்திநாலு வயசு, ஒம்பதாம் மாசம். புருஷன் செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு அவளைத் தாங்கித் தாங்கி மாடிக்குக் கூட்டி வந்தான். ரத்தம் எடுத்துட்டு ரூபி என்கிட்ட வந்து, பத்து நாளைக்கு அப்புறம் முதத் தடவையாப் பேசினா. "சார், அந்த அக்காவுக்குக் கண்ணு ரப்பையைக் கீழ இழுத்துப் பார்த்தேன், காகிதம் மாதிரி இருக்கு. மிஷின் 10.1ங்குது. எனக்கு நம்பிக்கையில்ல." பத்துக்குக் கீழ போனா அவளை அனுப்பின டாக்டரம்மா ஊசி, ரத்தம்னு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. பத்துக்கு மேலன்னா மாத்திரையோட விட்டுடுவாங்க. "காலையில என் ரத்தம் சரியா காட்டுச்சும்மா. மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது"ன்னுட்டு ரிப்போர்ட்டைக் குடுத்தனுப்பினேன்.

ஜூலை 16, செவ்வாய்

13.4. நாலாவது தடவை. இந்த மிஷினைத் தூக்கிக் கண்மாயில போடணும்.

ஜூலை 22, திங்கள்

படியில கால் தடுக்கிருச்சு. வேற ஒண்ணுமில்ல. எழுத ஒண்ணுமில்ல.

ஜூலை 23, செவ்வாய்

நேத்து நடந்ததை எழுதித்தான் ஆகணும்.

கால் தடுக்கல. டீ குடிச்சிட்டு மறுபடி படி ஏறும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வந்து விழுந்தேன். காலையில மிஷின் 13.7 காட்டியிருந்துச்சு, அஞ்சாவது தடவையா தூக்கி வைக்கலாம்னு இருந்தேன். ரூபி எனக்குத் தண்ணி குடுத்துட்டு, காலையில நான் எடுத்து வச்சிருந்த என் ரத்தத்தை என்னைக் கேக்காம எடுத்துக்கிட்டு, தோழி வேலை பாக்குற வேற ஒரு லேப்புக்குப் போயிட்டா. அரைமணி நேரத்துல திரும்பி வந்து ஒரு துண்டுச்சீட்டை மேசையில வச்சா. தவசிலிங்கம், ஆண், 48. ஹீமோகுளோபின் 11.0.

"மிஷின் முதல்ல இருந்தே சரியாத்தான் சார் இருந்துச்சு. உங்களுக்குத்தான் ரத்தம் குறைஞ்சிக்கிட்டே வந்திருக்கு."

ஏசுவேன்னு எதிர்பார்த்திருப்பா. நான் பேனாவை எடுத்தேன். நாலு தடவை ஏத்தினதையும் பெருக்கிப் பார்த்தேன். நூத்துக்கு இருபத்திநாலு கூடுதல். எட்டு இருந்தவனுக்குப் பத்துன்னு குடுத்திருக்கேன். ஜூன் பதினொண்ணுல இருந்து வந்த அத்தனை பேருக்கும். நான் நல்லாயிருக்கேன்னு காட்டுறதுக்காக ஊரையே நல்லாயிருக்குன்னு எழுதிக் குடுத்துட்டேன். செட்டிங்கைப் பழையபடி மாத்தி வச்சேன்.

ஜூலை 25, வியாழன்

கற்பகவல்லி புருஷன் வந்தான்.

சண்டைக்கு வரல. சண்டைக்கு வந்திருந்தா நல்லாயிருக்கும். ஏதோ உதவித்தொகைக்கு மனுக் குடுக்கணுமாம், பழைய ரிப்போர்ட் தொலைஞ்சு போச்சு, இன்னொரு பிரதி வேணும்னான். "சின்ன ஆஸ்பத்திரியிலதாண்ணே பிரசவம் பார்த்தோம், ரத்தம் நல்லாயிருக்குன்னு சொன்னதால. ரத்தப்போக்கு நிக்காமப் போச்சு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகையிலேயே முடிஞ்சிருச்சு. பிள்ளை இருக்கு. பொம்பளப் பிள்ளை." முந்தாநேத்து நடந்ததை யாருக்கோ நடந்த மாதிரி சொல்றான். அழக்கூட இல்ல.

நான் 10.1னு போட்ட அதே ரிப்போர்ட்டை மறுபடி அச்செடுத்து, சீல் குத்திக் குடுத்தேன். "ரொம்ப நன்றிண்ணே"ன்னான். ரூபி உள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டா. நான் பாவி. எழுதிட்டேன். நான் பாவி.

ஜூலை 26, வெள்ளி

அண்ணாச்சிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ரெஜிஸ்டர்ல தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர் இருக்காங்க, போன் நம்பரும் இருக்கு, எல்லாரையும் கூப்பிட்டு வேற இடத்துல மறுபடி பாக்கச் சொல்லணும்னேன்.

அவர் கத்தல. நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உக்காரச் சொன்னார். "தவசி, மிஷினைச் சரி பண்ணிட்டேல்ல? அதோட விடு. போன் பண்ணினா நாளைக்கே லேப்பை மூடணும். செத்தவ எதனால செத்தான்னு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? நீ உடம்பைப் பாரு. ஒண்ணாந்தேதி பணம் எடுத்து வச்சிருக்கேன், பிள்ளை படிக்கட்டும்."

யோசிச்சுச் சொல்றேன்னேன். "யோசிக்க என்னய்யா இருக்கு?"ன்னார்.

ஜூலை 28, ஞாயிறு

இந்த டைரியை எதுக்கு ஆரம்பிச்சேனோ அந்தக் கணக்கை இன்னைக்கு முடிச்சேன். பதினோராயிரம் சம்பளம், நாலு லட்சம் செலவு, வரிசையில ஆயிரம் பேர், எல்லாம் உண்மைதான். ஆனா ரூபி மூணால பெருக்கிப் பார்த்தா. எனக்கு அது தோணல. அவ சொல்லியும் நான் கேக்கல. கேட்டிருந்தா அந்தப் பொண்ணு இருந்திருப்பா. பாப்பா இதைப் படிக்கணும். ஊர்ல வேற யாரு படிக்காட்டியும் என் மக படிக்கணும்.

அதுக்குப் பணம் அண்ணாச்சிகிட்டதான் இருக்கு. பேங்க்காரன் வீட்டுக் கடனைக் காட்டி ஏற்கெனவே கையை விரிச்சிட்டான். மாரீஸ்வரி தாலிக்கொடியும் அங்கதான் அடகுல இருக்கு. நான் வாயைத் திறந்தா படிப்பு இல்ல. மூடினா அந்தத் தொள்ளாயிரம் பேரு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவருதான்.

ஜூலை 30, செவ்வாய்

பெரியாஸ்பத்திரியில வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பார்த்தாங்க. புண்ணு இருக்காம், அதுல இருந்துதான் ரத்தம் கசிஞ்சிருக்கு. வலி மாத்திரையால வந்த புண்ணா, வேற கட்டியான்னு பாக்க கொஞ்சம் சதையெடுத்து மதுரைக்கு அனுப்பியிருக்காங்க. பத்து நாள் ஆகுமாம். அங்க எந்த லேப்ல எவன் கையில இருக்கோ. ஒழுங்காப் படிச்சவனா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு வெளிய வந்தேன். மாரீஸ்வரி புளியமரத்தடியில நின்னு அழுதுக்கிட்டிருந்தா. கையைப் பிடிச்சு பஸ்ஸுக்குக் கூட்டிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

வாங்கிட்டேன். ஒரு லட்சம், மஞ்சப்பையில. அண்ணாச்சி தோளைத் தட்டிக் குடுத்தார். கை நீட்டும்போது எனக்கே என்னைப் பிடிக்கல.

பாப்பா பையைப் பார்த்ததும் குதிச்சா. என் கழுத்தைக் கட்டிக்கிட்டா, சின்னப் பிள்ளையில கட்டினது, அதுக்கப்புறம் இப்போதான். அவ பெட்டியை எடுத்து தூசி தட்ட ஆரம்பிச்சிட்டா. ராத்திரி சாப்பிட உக்காந்தேன். கடைசியில தட்டைத் தள்ளி வச்சிட்டு, எல்லாத்தையும் சொல்லிட்டேன், ஒண்ணு விடாம. மாரீஸ்வரி, "ஏன் இப்போ பிள்ளைகிட்டப் போய்"னு வாயைப் பொத்திக்கிட்டா.

பாப்பா தூசித் துணியைக் கீழ வச்சா. அப்புறம், "அந்த அக்காவுக்கு எத்தனை வயசுப்பா?"ன்னா. இருபத்திநாலுன்னேன். எந்திரிச்சுப் போய்ப் படுத்துக்கிட்டா. பெட்டி திறந்தபடி கூடத்துல கிடந்துச்சு.

ஆகஸ்ட் 2, வெள்ளி

காலையில நான் செருப்பு மாட்டும்போது பாப்பா மஞ்சப்பையைக் கையில குடுத்தா. "குடுத்துட்டு வந்துருங்கப்பா"ன்னா. "பாப்பா, உன் படிப்பு"ன்னேன். "நாளைக்கு நானும் இந்த வேலைக்குத்தானேப்பா போகணும்? இந்தப் பணத்துல படிச்சுட்டு எந்த மூஞ்சியோட ஊசியைப் பிடிக்கிறது?" பதினேழு வயசு. கால்ல விழணும் போல இருந்துச்சு.

பையை மேசையில வச்சதும் அண்ணாச்சிக்குப் புரிஞ்சிருச்சு. "இனிமே இந்தப் படியில ஏறாத"ன்னார். சரின்னுட்டு இறங்கினேன். ரூபி கீழ வரைக்கும் ஓடி வந்து, ரெஜிஸ்டர் பக்கங்களை எல்லாம் போட்டோ எடுத்துப் பாப்பா போனுக்கு அனுப்பியிருக்கேன் சார்னு சொல்லிட்டு, எவனும் பாக்குறதுக்குள்ள மாடிக்கு ஏறிட்டா. அவ வேலையும் போகும். அவளுக்கும் தெரியும்.

பதினோரு மணிக்கு ஆரம்பிச்சோம். கூடத்துல பாய் விரிச்சு, பாப்பா தன் போன்ல பேரை வாசிக்க, நான் என் போன்ல கூப்பிட்டேன். வயசானவங்க, பிள்ளைத்தாச்சிங்க, அளவு ரொம்பக் கம்மியா இருந்தவங்கன்னு அவளே முதல்ல பிரிச்சு எழுதி வச்சிருந்தா. சில பேர் நம்பர் தப்பு. சில பேர் எடுக்கல. ஒருத்தன் என் தாயை இழுத்து ஏசினான். கேட்டுக்கிட்டேன், கேக்க வேண்டியதுதான்.

மூணரை மணிக்குக் காலேஜ்ல இருந்து பாப்பா போனுக்கு அழைப்பு. பணம் இன்னும் வரலையே, அஞ்சு மணி வரைக்கும்தான் வச்சிருக்க முடியும்னாங்க. பாப்பா, "இல்ல மேடம், வேற யாருக்காவது குடுத்துருங்க"ன்னா. குரல் நல்லாத்தான் இருந்துச்சு. வச்சிட்டு அடுத்த பேரை வாசிக்கும்போதுதான் உடைஞ்சிருச்சு. அழுதுக்கிட்டே வாசிச்சா. நம்பரை ரெண்டு தடவை தப்பாச் சொல்லி, மூணாவது தடவை சரியாச் சொன்னா.

அஞ்சு மணிக்கு நாப்பத்தி மூணாவது ஆள். பேச்சியம்மா, வயசு அறுபத்தொண்ணு, ரிப்போர்ட்ல 10.6. அந்தம்மாவே எடுத்தாங்க. லேப்ல இருந்து பேசறேன், அன்னைக்குக் குடுத்தது தப்பு, உண்மையான அளவு அதைவிடக் குறைச்சலா இருக்கும், நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய் இன்னொரு தடவை பாருங்கன்னு மத்தவங்களுக்குச் சொன்னதையே சொன்னேன்.

"நீங்க டாக்டரா தம்பி?"

"இல்லம்மா. டெக்னீஷியன்."

"அன்னைக்கு நல்லாயிருக்குன்னு சீல் குத்திக் குடுத்தீங்க, நம்பினேன். இன்னைக்கு நல்லாயில்லங்கிறீங்க. நான் எதை நம்ப?"

"இதை நம்புங்கம்மா"ன்னேன். போனை வச்சிட்டாங்க. நம்பினாங்களான்னு தெரியல. பாப்பா அந்தப் பேருக்கு நேரா ஒரு கேள்விக்குறி போட்டுட்டு அடுத்த பேரை வாசிச்சா.